வடிவியலில் மாணவர் எதுவரை கற்றிருக்கிறார்? கண்டறியும் முறை

பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண் உண்டு. வரைமுறையை மனப்பாடம் செய்தே அதை முழுதாக வாங்கிவிடும் மாணவர்கள் சேலத்தில் எந்தப் பள்ளியிலும் இருப்பார்கள். படத்தைத் தலைகீழாக வரைந்து கொடுத்தால் அவர்களில் பலர் திகைத்து நிற்பார்கள். ஆகவே, புரிதலை அளக்க மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது.

படி 1. பாடத்தைத் தொடங்கும் முன், ஒரு முனையில் நிற்கும் சதுரத்தைக் கரும்பலகையில் வரைந்து பெயர் கேளுங்கள். "டைமண்ட்" என்பவர் தோற்றத்தைப் பார்க்கிறார். "சதுரம்" என்பவர் பண்பைப் பார்க்கிறார். "சதுரம், சாய்சதுரமும்கூட" என்பவர் பண்புகளுக்கு இடையிலான தொடர்பைப் பார்க்கிறார். நெதர்லாந்து ஆசிரியர்களான வான் ஹீலே இணையர் 1957-இல் முன்வைத்த வடிவியல் சிந்தனைப் படிநிலைகளும் இந்த வரிசையிலேயே செல்கின்றன. முதல் நிலையில் இருப்பவரிடம் நிரூபணம் கேட்டால் ஒப்பித்தல்தான் கிடைக்கும்.

படி 2. அடிப்படை விகிதசமத் தேற்றம் (முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையான கோடு மற்ற இரு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் பிரிக்கும் என்பது) முடிந்த அன்றே, கால் தாளில் ஒரே ஒரு வினா கொடுங்கள். முக்கோணம் ஏபிசியில் டிஇ என்பது பிசிக்கு இணை. டி, ஏபியின் மீதும் இ, ஏசியின் மீதும் உள்ளன. ஏடி 3 செ.மீ., டிபி 4 செ.மீ., பிசி 28 செ.மீ. எனில் டிஇ எவ்வளவு?

இந்த எண்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 12 என்ற சரியான விடையை எழுதியவர் சிறிய முக்கோணத்தையும் முழு முக்கோணத்தையும் ஒப்பிட்டு, 3-ஐ முழுப் பக்கமான 7-ஆல் வகுத்திருக்கிறார். 21 என்றால், பக்கத்தின் துண்டுகளுக்கான விகிதத்தை அப்படியே இணைகோட்டுக்கும் பொருத்தி, 3-ஐ 4-ஆல் வகுத்திருக்கிறார் என்று பொருள். 14 என்றால், இணைகோடு எப்போதும் பாதி என்று நம்புகிறார். ஏடி 4, டிபி 8, பிசி 15 என்று கொடுத்திருந்தால் இந்த இரண்டு தவறுகளும் 7.5 என்ற ஒரே விடையில் வந்து விழும். யாருக்கு எதை மறுபடி கற்பிப்பது என்பது தெரியாமலேயே போய்விடும். எனவே, வினாவைக் கொடுக்குமுன் தவறான வழிகளில் நீங்களே கணக்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு விடை வருகிறதா என்று பாருங்கள்.

படி 3. வரையும் வகுப்பில் மாணவர் கவராயத்தை எடுக்கும் முன்பே உதவிப்படத்தைப் பாருங்கள். அளவு காரணி (புதிய முக்கோணத்தின் பக்கம் பழையதைப் போல் எத்தனை மடங்கு என்பது) 7/4 எனில், புதிய முக்கோணம் பெரிதா, சிறிதா என்று கேளுங்கள். அதற்குத் தயங்குபவர், உதவிக் கதிரில் சம இடைவெளியில் ஏழு புள்ளிகளைச் சரியாகக் குறித்துவிட்டு, பழைய முக்கோணத்தின் முனையோடு நான்காவதை இணைப்பதற்குப் பதிலாக ஏழாவதை இணைத்துவிட வாய்ப்பு அதிகம். கணினியில் வடிவங்களை வரையும் ஜியோஜீப்ரா மென்பொருள் கற்பிக்க அருமையான கருவி. ஆனால் மதிப்பீட்டுக்குத் தாளும் பென்சிலுமே மேல் என்பேன், ஏனெனில் அழித்த கோடும் தாளில் தெரியும்.

படி 4. பதிவேட்டில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் "துண்டு விகிதம்", "பாதி" என்று தவறின் வகையைக் குறித்துவைத்து, அடுத்த வாரம் எண்களை மட்டும் மாற்றி அதே வினாவைக் கொடுங்கள்.

பிற்சேர்க்கை: மரத்தின் நிழலை அளந்து உயரம் காணும் பயிற்சியை முன்பு பரிந்துரைத்திருந்தேன். பனிமூட்டத்தில் நிழலே விழுவதில்லை என்று ஏற்காட்டு ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். அங்கே தரையில் கண்ணாடி வைத்து, அதில் சில்வர் ஓக் மரத்தின் உச்சி தெரியும் இடத்தில் மாணவரை நிறுத்தலாம். கண் உயரம் 1.5 மீ., கண்ணாடிக்கும் மாணவருக்கும் இடையே 2 மீ., மரத்துக்கு 16 மீ. எனில் உயரம் 12 மீ. விடையைவிட, எந்த இரண்டு கோணங்கள் சமம் என்று சொல்கிறாரா என்பதற்கே மதிப்பெண் கொடுங்கள். சமதளமான விளையாட்டுத் திடலில்தான் இது சரிவரும். காபித் தோட்டச் சரிவில் ஏன் பொய்க்கிறது என்பதையே அடுத்த வினாவாகக் கேளுங்கள். மரமும் மாணவரும் நிமிர்ந்தே நின்றாலும், சரிந்த தரையோடு ஒருவர் குறுங்கோணமும் மற்றது விரிகோணமும் அமைப்பதால் முக்கோணங்கள் வடிவொத்தவை அல்ல என்று தாமாகவே சொல்லும் மாணவருக்கு இந்தப் பகுதியில் வேறு தேர்வு தேவையில்லை.