4கே மானிட்டரும் லினக்ஸும்: செய்யக் கூடாத தவறுகள்

அம்பாசமுத்திரத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் அண்ணாச்சி ஒருவர், ஆவணி முகூர்த்த வேலை குவியும் முன்னே 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கி லினக்ஸ் கணினியில் மாட்டினார். எழுத்தெல்லாம் எறும்பு சைஸில் தெரிய, ரெசல்யூஷனை 1920×1080க்குக் குறைத்துவிட்டார். பெரிதாகத் தெரிந்தது. ஆனால் சுழி கலங்கி, 'ண' எது 'ன' எது என்று உற்றுப் பார்க்க வேண்டியதாயிற்று.

பெரும்பாலோர் செய்கிற தவறு இதுதான். 4கே என்பது 3840×2160 புள்ளிகள். 1920×1080ஐப் போல நான்கு மடங்கு. அந்த நுணுக்கம்தான் நம் எழுத்தின் சுழியையும் புள்ளியையும் துலக்கிக் காட்டுகிறது. அதைக் குறைக்கவே கூடாது. ஸ்கேலை, அதாவது எழுத்தும் பொத்தானும் எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற அளவைத்தான் ஏற்ற வேண்டும். 27 அங்குலத்துக்கு 150 சதவீதம் என் கண்ணுக்குப் பொருந்துகிறது. உபுண்டு லினக்ஸின் செட்டிங்ஸில் 100, 200 மட்டும் தெரிந்தால், அதே டிஸ்ப்ளே பக்கத்தில் உள்ள 'ஃபிராக்ஷனல் ஸ்கேலிங்' சுவிட்சைப் போடுங்கள்; இடைப்பட்ட அளவுகளும் வரும்.

அப்புறம் மவுஸ் அம்பு தயங்கித் தயங்கி நகர்ந்தது. அண்ணாச்சி அதற்குள் கிராபிக்ஸ் டிரைவரை மூன்று தடவை மாற்றியிருந்தார். டிரைவரைத் தொடுமுன் ரிஃப்ரெஷ் ரேட்டை, அதாவது திரை நொடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கப்படுகிறது என்பதைப் பாருங்கள். அங்கே 30 என்றிருந்தது. எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் 4கே அவ்வளவுதான் ஓடும். 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும், கணினி, கேபிள், மானிட்டர் மூன்றும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். அவர் கணினியின் பின்னால் டிஸ்ப்ளேபோர்ட் சும்மா கிடந்தது. வண்ணார்பேட்டையில் ஒரு கேபிள் வாங்கி மாட்டியதும் அம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது.

ரெசல்யூஷன் பட்டியலில் 1024×768 மட்டும் வந்தால், இன்ஸ்டால் செய்யும்போது க்ரப்பில் (லினக்ஸைத் துவக்கும் நிரல்) 'நோமோட்செட்' (nomodeset) என்ற சொல்லைச் சேர்த்தீர்களா என்று யோசியுங்கள். அது அங்கேயே தங்கிவிட்டால் கிராபிக்ஸ் டிரைவர் முழுதாக வேலை செய்யாது. எடுத்துவிட்டு க்ரப்பைப் புதுப்பியுங்கள்.

யாரோ சொன்னார்கள் என்று டெஸ்க்டாப் ஸ்கேல், ஃபாண்ட் டிபிஐ, க்யூடி, ஜிடிகே (செயலிகளின் திரையை வரையும் நூலகங்கள்) மாறிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றாதீர்கள். சில செயலிகளில் இரட்டிப்பாகப் பெருகி, பொத்தான் திரையைத் தாண்டிப் போய்விடும். பக்கத்தில் பழைய மானிட்டரும் இருந்தால், லாகின் செய்யும்போது வேலண்ட் (லினக்ஸின் புதிய திரை முறை) தேர்ந்தெடுத்து நுழையுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்கேல் வைக்க அதுதான் வசதி.

அச்சு வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. ஸ்கேல் மாற்றியபின் திரையில் 100 சதவீதம் காட்டுவது பத்திரிகையின் நிஜ அளவு என்று நம்ப வேண்டாம். இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியின் விருப்பத்தேர்வுகளில் ஜூம் திருத்தம் இருக்கிறது. திரையில் ஸ்கேல் குச்சியை வைத்து, அங்கே தெரியும் கோடு அதோடு ஒத்துவரும் வரை நகர்த்துங்கள்.