குறிப்புச் செயலியைத் தேர்ந்தெடுக்குமுன் செய்து பார்க்கவேண்டியவை

கல்லடியில் எங்கள் வீட்டுக்குள் ஒரு மாரியில் வெள்ளம் புகுந்து அலுமாரியின் கீழ்த்தட்டு நனைந்தபோது, அம்மாவின் கிளினிக் கொப்பியில் மருந்துகளின் பெயர்கள் மை கரைந்து போயின. அன்றிலிருந்து அவற்றையும், காணி பெர்மிட்டின் இலக்கத்தையும், பெரும்போகத்தில் வயல் வட்டைக்கு எத்தனை அந்தர் உரம் போட்டோம் என்ற கணக்கையும் கைபேசியிலேயே எழுதி வைக்கிறேன்.

செயலியின் தோற்றத்துக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். எழுதியதை வெளியே எடுக்க முடியுமா என்பதையே முதலில் பார்க்கவேண்டும். 2023 டிசம்பரில் எவர்நோட் என்ற குறிப்புச் செயலி தன் இலவசத் திட்டத்தை 50 குறிப்புகளுக்கும் ஒரு குறிப்பேட்டுக்கும் சுருக்கியபோது, அதைத் தாண்டி எழுத விரும்பியவர்கள் பணம் கட்டவோ வேறிடம் தேடவோ நேர்ந்தது. ஒப்சிடியன் என்ற இன்னொரு செயலி ஒவ்வொரு குறிப்பையும் நம் கருவியிலேயே சாதாரண எழுத்துக் கோப்பாக வைப்பதால், அந்தச் செயலி இல்லாமலும் அதைத் திறக்கலாம். ஜொப்ளின், நிரலை எவரும் பார்க்கக்கூடிய திறந்த மூல மென்பொருள். அதிலிருந்தும் அதே வடிவில் ஏற்றுமதி செய்யலாம். கூகுள் கீப் பழகுவதற்கு மிக எளிது, அதன் குறிப்புகளை, நம் தரவை வெளியே எடுக்க கூகுள் தரும் டேக்அவுட் சேவை வழியாகப் பதிவிறக்கலாம்.

தமிழில் எழுதுபவருக்குத் தேடல்தான் பெரிய சோதனை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான கோப்பை அப்படியே ஒட்டினால், 'அம்மா' என்ற சொல் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஓர் அரைப்புள்ளி கிடக்கும் கோவையாகத்தான் தெரியும். ஆகவே முதலில், தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடுகள் உள்ள பொது முறையான யூனிகோடுக்கு மாற்றுங்கள். யூனிகோடிலும் 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் சில செயலிகளின் தேடலில் ஒன்று அகப்படாது. கணினியில் 'கொப்பி' என்று எழுதிவிட்டுக் கைபேசியில் தேடிப் பாருங்கள்.

அடுத்து, மழைக்காலத்தில் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்து போகக்கூடும் என்பதால், பிளைட் மோடில் போட்டுச் செயலியை மூடித் திறந்து, பழைய குறிப்பு ஒன்று வருகிறதா என்று பாருங்கள். வங்கிக் கடவுச்சொற்களை இதில் எழுதவே வேண்டாம். அதற்குக் கீபாஸ் போன்ற தனி மென்பொருள் உண்டு.

இவற்றையெல்லாம் பத்துக் குறிப்புகளை மட்டும் வைத்துச் செய்யுங்கள். அந்தப் பத்தையும் ஏற்றுமதி செய்து, வேறொருவரின் கணினியில் திறந்து, தமிழ் எழுத்துச் சிதையாமல் வந்தால் மட்டும் மீதிக் கொப்பிகளை ஏற்றத் தொடங்குங்கள்.