‘எங்கட ஊர் ஆள்’ என்பது லைசன்ஸ் இல்லை: ஸ்காபரோவில் இமிக்கிரேசன் சட்டத்தரணி தேடுகிறவர்களுக்கு

2017இல் யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடித்து, மூன்று கிழமையில் தனியாக ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்குத் திரும்பி வந்தேன். கணவரை ஸ்பொன்சர் செய்ய வேண்டும். மச்சாள் ஓர் அண்ணையிடம் அனுப்பினா. பலசரக்குக் கடைக்கு மேல் மாடியில் சின்ன அறை. கதவில் இமிக்கிரேசன், வருமான வரி, நொத்தாரிசு, விமானச் சீட்டு என்று நான்கு தொழிலும் எழுதியிருந்தது. உள்ளே போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “கொக்குவிலில் எவ்விடம்?” சொன்னேன். அப்பாவின் சைக்கிள் கடையே அவருக்குத் தெரிந்திருந்தது. அதோடு என் விசாரணை முடிந்துவிட்டது. 2,500 டொலரைக் காசாக எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டுக் கேட்க வெட்கமாக இருந்தது.

எட்டு மாதம் “பைல் போட்டாச்சு தங்கச்சி, இனி அவையின்ர கையில” என்ற பதில்தான். வேலையிடத்தில் கூட இருந்த பிலிப்பீன்ஸ் பெண் ஒருநாள் சாதாரணமாகக் கேட்டாள்: “உன் விண்ணப்ப எண் என்ன?” எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. குடிவரவுத் திணைக்களத்துக்கு அழைத்தேன். என் பெயரில் எந்த விண்ணப்பமும் இல்லை என்றார்கள். சமையலறைத் தரையில் இருந்து அழுதேன். காசு போனதற்காக இல்லை. எட்டு மாதம் போனதற்காக.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒன்ராறியோவை வைத்து எழுதுகிறேன். மற்ற மாகாணங்களில் சட்டத்தரணிகளுக்கு லைசன்ஸ் கொடுக்கும் சட்டச் சங்கத்தின் பெயர் மாறும், விஷயம் மாறாது.

கனடாவில் காசு வாங்கிக்கொண்டு குடிவரவு வேலை செய்ய யாருக்கு உரிமை உண்டு என்பதைக் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 91ஆம் பிரிவு சொல்கிறது. மாகாணச் சட்டச் சங்கத்தில் இருக்கும் சட்டத்தரணிகள், கியூபெக்கின் நொத்தாரிசுகள், லைசன்ஸ் உள்ள குடிவரவு ஆலோசகர்கள். இவ்வளவுதான். ஒன்ராறியோவில் பரலீகல்களும் (சட்டத்தரணி அல்லாத, ஆனால் லைசன்ஸ் உள்ள சட்டச் சேவையாளர்கள்) உண்டு, ஆனால் அவர்கள் அகதிக் கோரிக்கைகளையும் குடிவரவு மேன்முறையீடுகளையும் விசாரிக்கும் குடிவரவு, அகதிச் சபையின் முன் தோன்றலாமே தவிர ஸ்பொன்சர் பைல் செய்ய முடியாது. சொந்தக்காரரோ நண்பரோ காசு வாங்காமல் படிவம் நிரப்ப உதவினால் பிழையில்லை. கைநீட்டிக் காசு வாங்கினால் அது சட்டவிரோதம்.

நொத்தாரிசு என்ற சொல்லில்தான் எங்கள் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். இலங்கையில் நொத்தாரிசு என்றால் காணி உறுதி முடிக்கிறவர், பெரும்பாலும் சட்டத்தரணியேதான். அந்த மரியாதையை மனதில் வைத்துக்கொண்டு இங்கே கதவில் அதே சொல்லைப் பார்த்தால் தலை தானாகக் குனிகிறது. ஒன்ராறியோவில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு கனம் கிடையாது. சத்தியக் கடதாசியில் கையெழுத்தை உறுதிப்படுத்தி முத்திரை குத்தும் அதிகாரம்தான். அதை வைத்துக்கொண்டு காசுக்கு ஸ்பொன்சர் பைல் செய்ய முடியாது.

சரி, ஆளின் பெயர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். போன் எடுக்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் இணையத்தளத்தில் சட்டத்தரணிகள், பரலீகல்களின் பெயர்த் தேடல் இருக்கிறது. பெயரைப் போட்டால் இப்போது தொழில் செய்ய அனுமதி உண்டா, இடைநிறுத்தப்பட்டவரா, ஒழுக்காற்று விசாரணை ஏதும் நடந்ததா என்று காட்டும். அங்கே போட்டிருக்கும் அலுவலக முகவரியும் உங்களிடம் தந்த அட்டையில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். உண்மையான சட்டத்தரணியின் பெயரைத் தம் கதவில் ஒட்டிவைத்து வேலை செய்கிறவர்களும் உண்டு. அந்தச் சட்டத்தரணியை ஒருமுறையாவது நேரில் காணாமல் காசு கொடுக்காதீர்கள்.

ஆலோசகர் என்றால் வேறு பட்டியல். குடிவரவு, குடியுரிமை ஆலோசகர்கள் கல்லூரி என்று 2021 நவம்பரில் திறந்தார்கள். பெயர்தான் கல்லூரி, உண்மையில் லைசன்ஸ் கொடுத்து, பிழைவிட்டால் பிடுங்குகிற அமைப்பு. அதன் பொதுப் பதிவேட்டில் பெயரோ லைசன்ஸ் எண்ணோ போட்டுத் தேடலாம். அகதி வழக்குக்குச் சில ஆலோசகர்கள்தான் போகலாம். 2022 யூலை முதல் குடிவரவு, அகதிச் சபையின் முன் தோன்ற அதற்கான தனி வகுப்பு லைசன்ஸ் வேண்டும். பெடரல் நீதிமன்றத்துக்கு எந்த ஆலோசகரும் போக முடியாது, அங்கே சட்டத்தரணிதான். எளிய பைல் என்றால் நல்ல ஆலோசகர் போதும். முன்னே மறுக்கப்பட்ட விசா, பொலிஸ் வழக்கு, நாடுகடத்தல் உத்தரவு என்று ஏதாவது இருந்தால் நான் சட்டத்தரணியிடம்தான் போகச் சொல்வேன்.

லைசன்ஸ் இருப்பது வாசற்படி மட்டும். கெட்டிக்காரரா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி கான்லீ என்ற இலவச இணையத்தளம். கனடா நீதிமன்றத் தீர்ப்புகள் அங்கே கிடக்கின்றன. சட்டத்தரணியின் பெயரைத் தேடினால் அவர் நின்ற வழக்குகள் வரும். பெடரல் நீதிமன்றத் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் இரு தரப்புச் சட்டத்தரணிகளின் பெயரும் இருக்கும். தோற்ற வழக்குகளை எண்ணிப் பயப்படத் தேவையில்லை, கடினமான வழக்கு எடுப்பவர்தான் தோற்பார். நீதிபதி அவரைப் பற்றி ஏதும் கடுமையாகச் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். ஆங்கிலம் கஷ்டம் என்றால் பிள்ளைகளை இருத்தி வாசிக்கச் சொல்லுங்கள். அதுகளுக்கும் கொஞ்சம் வேலை.

பெயரே கையில் இல்லாதவர்கள் சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவையைக் கேட்கலாம். அவர்கள் தரும் சட்டத்தரணி அரை மணிநேரம் வரை இலவசமாகக் கதைப்பார். குடிவரவுத் துறையில் சிறப்புத் தேர்ச்சி பெற்றவர் என்று சங்கம் சான்று கொடுத்த ஆட்களும் இருக்கிறார்கள். கடை வாசலில் அடுக்கிவைக்கும் இலவசத் தமிழ்ப் பத்திரிகையின் முழுப்பக்க விளம்பரம் அந்தச் சான்று இல்லை. அதில் வருகிறவர்கள் எல்லாரும் மோசம் என்று சொல்லவில்லை. விளம்பரத்துக்குக் காசு இருந்தது என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும்.

முதல் சந்திப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் எனக்கு ஆளை விளங்கியது. இரண்டாவதாக நான் போன சட்டத்தரணி தமிழர் இல்லை. மொழிபெயர்க்க என் தங்கையைக் கூட்டிப்போனேன். சந்திப்புக்கு 150 டொலர் எடுத்தார். ஊரைப் பற்றிக் கேட்கவில்லை. “உங்கள் கணவருக்கு வேறு ஏதாவது நாடு விசா மறுத்திருக்கிறதா?” என்றார். 2011இல் இங்கிலாந்து மாணவர் விசா மறுத்திருந்தது. மாடி அறை அண்ணையிடம் அதைச் சொன்னபோது, “அது பழசு, போடத் தேவையில்லை” என்றிருந்தார். சட்டத்தரணி பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். கனடா, இங்கிலாந்து, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து இந்த ஐந்தும் குடிவரவுத் தகவல்களைப் பரிமாறிக்கொள்கின்றன, கைரேகை உட்பட. மறைத்தால் குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின் கீழ் பொய்த் தகவல் என்று ஐந்து வருடம் கதவடைப்பார்கள். சொன்னால் ஒரு பந்தி விளக்கத்தோடு போய்விடும். அந்தப் பந்தியை அவரே எழுதினார். ஒருவிதத்தில் அண்ணை பைல் போடாமல் விட்டது நல்லதுக்குத்தான் என்று தங்கை திரும்பும் வழியில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே உங்களிடம் சங்கடமான கேள்வி கேட்கிறவரை நம்புங்கள். “வெற்றி நிச்சயம்”, “உள்ளுக்கு எங்களுக்கு ஆள் இருக்கு” என்கிறவரிடம் கோப்பித் தண்ணிகூட வாங்கிக் குடிக்காதீர்கள். முடிவெடுப்பது அதிகாரி, எந்தச் சட்டத்தரணியாலும் உத்தரவாதம் தர முடியாது.

பிறகு காசு விஷயம். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். எந்த வேலை, மொத்தம் எவ்வளவு, 13 வீத விற்பனை வரி அதற்குள்ளா வெளியிலா, அரசாங்கக் கட்டணம் யார் கட்டுவது, மறுத்தால் மேன்முறையீடு இந்தக் காசுக்குள் வருமா. கடைசிக் கேள்வியை அநேகமானோர் கேட்பதில்லை. சட்டத்தரணிக்கு முற்பணம் கொடுத்தால் அது அவருடைய சொந்தக் கணக்குக்கு அல்ல, வாடிக்கையாளரின் காசைத் தனியாக வைக்கும் நம்பிக்கைக் கணக்குக்குப் போக வேண்டும். வேலை செய்யச் செய்ய அதிலிருந்து பில் போட்டு எடுப்பார். படிவங்களுக்கென்று யாராவது காசு கேட்டால் எழுந்து வாருங்கள். எல்லாப் படிவமும் அரசாங்கத் தளத்தில் இலவசம்.

படிவங்களில் முக்கியமானது 5476 எண் படிவம். உங்கள் பிரதிநிதி யார் என்று அரசாங்கத்துக்கு அறிவிப்பது அதுதான். அதில் தன் பெயரையும் லைசன்ஸ் எண்ணையும் போட மறுக்கிறவர், “நீங்களே செய்ததாகக் காட்டினால் கெதியாக முடியும்” என்கிறவர், ஒளிந்து வேலை செய்கிற ஆள். வெறும் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். அனுப்பிய முழு பைலின் பிரதியையும், திணைக்களம் பெற்றுக்கொண்டதாக அனுப்பும் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். என்னுடையது இப்பவும் பிஸ்கட் பேணிக்குள் இருக்கிறது.

அகதிக் கோரிக்கை வைக்கிறவர்களுக்குக் காசில்லை என்றால் ஒன்ராறியோ சட்ட உதவி இருக்கிறது: 1-800-668-8258. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். சட்டத்தரணியின் காசைத் தாங்கள் கொடுப்பதாக அவர்கள் தரும் சான்றிதழ் கிடைத்தால், அதை ஏற்றுக்கொள்ளும் சட்டத்தரணியை நீங்களே தெரிவு செய்யலாம். அந்தச் சான்றிதழில் வேலை செய்கிறவர் மேலதிகமாக உங்களிடம் காசு கேட்கக் கூடாது. விசாரணை நாளுக்கு மொழிபெயர்ப்பாளரைச் சபையே இலவசமாக ஒழுங்கு செய்யும். உங்கள் கதையை எழுதும்போது மட்டும் கவனம். சட்டத்தரணி அலுவலகத்தின் மொழிபெயர்ப்பாளரே கதையையும் “கொஞ்சம் பலப்படுத்தி” எழுதித் தருவது நடக்கிறது. நாலு பேருக்கு ஒரே முகாம், ஒரே திகதி, ஒரே அடி. எழுதியதை உங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி, உங்களுக்கு நடக்காதது ஒரு வரி இருந்தாலும் வெட்டச் சொல்லுங்கள்.

மறுப்புக் கடிதம் வந்தால் கவலைப்பட்டுப் படுத்துக்கொள்ள நேரமில்லை. கனடாவுக்குள் எடுத்த முடிவை பெடரல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக 15 நாள், வெளிநாட்டு விசா அலுவலக முடிவு என்றால் 60 நாள். வெளிநாட்டில் இருக்கிறவருக்குப் போட்ட ஸ்பொன்சர் மறுத்தால் மேன்முறையீட்டுக்கு 30 நாள். கடிதம் வந்த திகதியை உறையிலேயே எழுதிவையுங்கள்.

ஏமாந்தால் முறையிட இடமுண்டு. சட்டத்தரணி என்றால் சட்டச் சங்கம். நேர்மையீனத்தால் போன காசுக்கு அங்கே நட்டஈட்டு நிதியும் இருக்கிறது. ஆலோசகர் என்றால் கல்லூரி. லைசன்ஸே இல்லாதவர் என்றால் எல்லைச் சேவைகள் முகவரகம்: 1-888-502-9060. நான் முறையிடவில்லை. பற்றுச்சீட்டு இல்லை, மச்சாளுக்கும் அவருக்கும் ஏதோ வழியில் உறவு, வீட்டில் சண்டை வேண்டாம் என்று விட்டேன். அது பிழை.

கணவர் 2019இல் வந்து சேர்ந்தார். அடுத்த மாதம் மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் தெரிந்துகொண்டிருந்தபோது அந்த அண்ணை எதிரே வந்தார். கணவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சந்தோசமாகத் தோளில் தட்டினார். “பாத்தியளே தம்பி, நான் தங்கச்சிக்கு அப்பவே சொன்னனான், பைல் சரியா வரும் எண்டு.”