கல்லூரி பேஸ்பால் பிட்சரை (பந்துவீச்சாளரை) எடைபோடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

2010இல் ஃபுளோரிடாவின் ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்தில் ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாவது, மூன்றாவது தளங்களுக்கு இடையே நிற்கும் ஃபீல்டராக) ஆடிக்கொண்டிருந்த ஒரு பையனைப் பந்துவீச வைத்துப் பார்த்தார்கள். ஸ்டார்ட்டராக, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராக, அவர் எடுத்த ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன் கணக்கு, குறைவாக இருந்தால் நல்லது) 4.48. வெற்றி நான்கு, தோல்வி ஐந்து. தொழில்முறை அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒன்பதாவது சுற்றில், 272ஆவது ஆளாக நியூயார்க் மெட்ஸ் அவரை எடுத்தது. ஜேக்கப் டிக்ராம் என்ற அந்தப் பையன்தான் 2018, 2019 இரண்டு ஆண்டும் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதைத் தட்டிச்சென்றவர். 2013இல் ஸ்டான்ஃபோர்டின் மார்க் அப்பெலை ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் முதல் ஆளாகவே தேர்ந்தெடுத்தது. அவர் மேஜர் லீக்கில் (உச்ச மட்டத் தொழில்முறை ஆட்டத்தில்) முதல் பந்தை வீசியபோது வயது 30, ஆண்டு 2022, போட்டிருந்தது ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் சீருடை.

இந்த இருவரையும் பார்த்த ஸ்கவுட்டுகள் (அணிகளுக்காக ஆள் தேடுகிறவர்கள்) விவரம் தெரியாதவர்கள் இல்லை. இந்த வேலையே அவ்வளவு கடினமானது. ஆனால் ரசிகர்களும் புதிதாக இதில் இறங்குகிறவர்களும் செய்யும் பல தவறுகளுக்கு மூலம் ஒன்றுதான்: கல்லூரிப் பையன்களை ஒரு பிட்சர் அவுட்டாக்கினாரா என்று பார்த்துவிட்டு, தொழில்முறை பேட்டர்களையும் அவுட்டாக்குவார் என்று முடிவுகட்டிவிடுவது.

ஈஆர்ஏவில் இருந்து தொடங்கலாம். ஃபீல்டிங் பிழையால் வந்த ரன்களை விட்டுவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்ற கணக்கு அது. பின்னால் நிற்கும் ஃபீல்டர்கள் சுமாரானவர்கள் என்றால், அவர்கள் எட்டிப் பிடிக்காத பந்துகளால் எண் ஏறும். நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கி போல ஐயாயிரம் அடி உயரத்தில் உள்ள ஊரில் காற்று மெலிது, பந்து பறக்கும், அங்கேயும் எண் ஏறும். பலவீனமான கான்ஃபரன்ஸில் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழுவில்) வீசினால் இறங்கும். வெற்றி தோல்விக் கணக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். எண்தான் வேண்டும் என்றால் ஸ்ட்ரைக்அவுட்டையும் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவது) வாக்கையும் (ஸ்ட்ரைக் பகுதிக்கு வெளியே நான்கு பந்து போட்டு பேட்டரை முதல் தளத்துக்கு நடக்கவிடுவது) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷேன் பீபர் சாண்டா பார்பரா கல்லூரி அணியில் இருந்தபோது வேகம் சாதாரணம்தான், ஆனால் யாரையும் சும்மா நடக்கவிட மாட்டார். 2016இல் நான்காவது சுற்றில் போனார், அப்புறம் வேகமும் கூடியது, 2020இல் சை யங் வாங்கினார்.

ஸ்ட்ரைக்அவுட் எண்ணிக்கையையும் அப்படியே நம்பக் கூடாது. வெள்ளி இரவு ஆட்டம், எட்டாவது இடத்தில் இறங்கும் பேட்டர், எண்ணிக்கை ஒன்றுக்கு இரண்டு (ஒரு பந்து வெளியே, இரண்டு ஸ்ட்ரைக்; இன்னொரு ஸ்ட்ரைக் என்றால் அவுட்). பிட்சர் பக்கவாட்டில் வளைந்து இறங்கும் ஸ்லைடர் போடுகிறார், அது பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு முன்னாலேயே மண்ணில் குத்துகிறது. பேட்டர் சுழற்றிவிட்டு வெளியே போகிறார், கூட்டம் கத்துகிறது. ஸ்கோர்ஷீட்டில் அது ஒரு ஸ்ட்ரைக்அவுட். ஆனால் மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே உள்ள டபுள் ஏ மட்டத்தில் அதே பந்தைப் பல பேட்டர்கள் தொடாமல் விட்டுவிடுவார்கள். நான் பார்ப்பது வேறு எண்ணிக்கையை. இரண்டு பந்து வெளியே போய் ஸ்ட்ரைக் ஒன்றுமில்லாத நிலையில் என்ன போடுகிறார்? அங்கேயும் சேஞ்சப்பை (வேகப்பந்து போலவே வந்து பேட்டரை ஏமாற்றும் மெதுவான பந்தை) ஸ்ட்ரைக் பகுதிக்குள் இறக்கத் துணிகிறாரா, இல்லை ஃபாஸ்ட்பாலை (நேரான வேகப்பந்தை) நடுவில் வைத்துவிட்டு வேண்டிக்கொள்கிறாரா? பல கல்லூரி அணிகளில் எந்தப் பந்து என்பதை டக்அவுட்டில் (அணி உட்காரும் இடத்தில்) இருந்து கோச்தான் சொல்கிறார் என்பதும் நினைவிருக்கட்டும். அந்தத் திட்டத்தை பிட்சரின் மூளைக்கு வரவு வைத்துவிட வேண்டாம்.

மட்டை விஷயம் பலரும் மறந்துவிடுவது. கல்லூரியில் அலுமினியம் போன்ற உலோக, கலப்புப் பொருள் மட்டைகள். தொழில்முறையில் மரம் மட்டும்தான். 2011இல் வந்த புதிய தரநிலை உலோக மட்டையின் துள்ளலைக் குறைத்தது உண்மை. ஆனாலும் கைப்பிடிப் பக்கம் பட்ட பந்து உலோக மட்டையில் இன்ஃபீல்டை (தளங்களைச் சுற்றிய உள்வட்டத்தை) தாண்டி விழுந்து ஹிட் ஆகலாம். மரத்தில் மட்டை உடைந்து, பந்து பிட்சரின் காலடிக்கே உருண்டு வரும். அதனால் கல்லூரி பிட்சர்கள் பலர் உள்பக்கம் வீசப் பயந்து வெளிப்பக்கமே சுற்றுகிறார்கள். உள்ளே வீசத் துணிகிறவருக்கு எண்களில் உரிய மரியாதை கிடைப்பதில்லை. டென்னிஸ் பந்து மேட்சில் எடுத்த விக்கெட்டை வைத்து ஒருவரை ரஞ்சி அணிக்கு எடுப்போமா? மாசசூசெட்ஸில் கோடையில் கல்லூரி வீரர்களுக்காக நடக்கும் கேப் காட் லீக்கைத் தொழில்முறை அணிகள் மொய்ப்பதற்கு மர மட்டை ஒரு பெரிய காரணம்.

அடுத்தது வேகம். “98 மைல் வீசினான்” என்று யாராவது சொன்னால், எத்தனை பந்து, எந்த இன்னிங்ஸில் என்று கேளுங்கள். முதல் இன்னிங்ஸில் ஒரே ஒரு முறை 98ஐத் தொட்டு, ஐந்தாவதில் 92க்கு வந்துவிடுகிறவரும், கடைசிவரை 95இல் (மணிக்குச் சுமார் 153 கிலோமீட்டர்) நிற்பவரும் ஒன்றில்லை. ஒரே வேகத்தில் வரும் இரண்டு ஃபாஸ்ட்பாலும் ஒன்றில்லை. பின்சுழற்சி நன்றாக இருந்து, கையில் இருந்து தாழ்வான இடத்தில் பந்து விடுபட்டால், அது பேட்டர் எதிர்பார்த்த அளவு கீழே இறங்காது, மட்டை அதன் அடியில் போகும். இப்போது பந்தின் பாதையைப் பின்தொடரும் டிராக்மேன் கருவி இதையெல்லாம் அளந்து கொடுக்கிறது. பிட்சரின் ரேடார் எண் மட்டும் தெரிந்தால் பாதிக் கதைகூடத் தெரியாது.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. டார்ட்மவுத்தில் படித்த கைல் ஹென்ட்ரிக்ஸ் சராசரியாக 90ஐ எட்டாத வேகத்தில் 2016இல் மேஜர் லீக்கின் ஒரு பாதியான நேஷனல் லீக்கின் மிகக் குறைந்த ஈஆர்ஏவை (2.13) எடுத்தார். உடனே மெதுவாக வீசும் ஒவ்வொருவரையும் “அடுத்த ஹென்ட்ரிக்ஸ்” என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அவருடைய சேஞ்சப்பும் துல்லியமும் இல்லாதவர்களுக்கு அந்தப் பெயர் உதவாது.

உடல்வாகைப் பார்த்து ஒதுக்குவது பழைய நோய். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டிம் லின்ஸெகம் 5 அடி 11 அங்குலம், ஒல்லி உடம்பு, உடலையே முறுக்கி எறியும் பாணி. தோள் தாங்காது என்று பயந்தவர்கள் பலர். 2006இல் பத்தாவதாக எடுத்த சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு 2008, 2009 இரண்டு சை யங் கிடைத்தன. பிற்பாடு வேகம் சீக்கிரமே குறைந்ததும் உண்மைதான். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளை எந்த அணி வேண்டாம் என்று சொல்லும்?

வாரம் ஒருமுறை வீசுவதையும் கவனியுங்கள். கல்லூரி ஸ்டார்ட்டருக்கு அடுத்த ஆட்டத்துக்கு முன் ஏழு நாள் கிடைக்கும். மேலே போனால் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை, அதுவும் ஆறு மாதம். வயதும் அப்படித்தான்: 20 வயதுக்காரர் எடுத்த எண்ணையும், ஐந்தாம் ஆண்டு ஆடும் 23 வயதுக்காரர் எடுத்த எண்ணையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

கடைசியாகக் கை. முழங்கை அறுவைசிகிச்சை என்றதும் பெயரை அடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் 2019 முழுவதையும் டாமி ஜான் என்ற முழங்கை அறுவைசிகிச்சையால் இழந்த ஸ்பென்சர் ஸ்ட்ரைடரை அட்லாண்டா 2020இல் நான்காவது சுற்றில் எடுத்தது. 2022இல் அவர் 202 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார். மருத்துவ அறிக்கையைப் படிப்பதிலும் அணிக்கு அணி வித்தியாசம் உண்டு. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் குமார் ராக்கர், தாய் வழியில் இந்திய வம்சாவளி, 2019இல் டியூக் அணிக்கு எதிராக 19 ஸ்ட்ரைக்அவுட்டுடன் நோ-ஹிட்டர் (ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) வீசியவர். 2021இல் பத்தாவதாக எடுத்த மெட்ஸ், உடல் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தமே போடவில்லை. அடுத்த ஆண்டு டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அவரை மூன்றாவதாக எடுத்தது. 2023இல் முழங்கை அறுவைசிகிச்சை, 2024 செப்டம்பரில் மேஜர் லீக் அறிமுகம். மெட்ஸின் பயம் சரியா, ரேஞ்சர்ஸின் துணிச்சல் சரியா என்று கேட்டால், இப்போதைக்கு இரண்டு பக்கமும் வாதாடலாம்.