சிமென்ட் துணி விரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வாய்க்காலுக்குச் சிமென்ட் துணி விரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். மூன்று இளைஞர்கள். நல்ல வேலைக்காரர்கள் என்பது கரையைச் சீவியிருந்த விதத்திலேயே தெரிந்தது. துணியையும் சுருக்கமில்லாமல் விரித்திருந்தார்கள். அப்புறம் ஒருவர் ஹோஸை எடுத்து, வாசல் தெளிப்பது போல லேசாகத் தெளித்துக்கொண்டே போனார். மேல்பரப்பு கறுத்ததும், "போதும், நிறுத்து" என்று இன்னொருவர் மோட்டார் பக்கம் கை காட்டினார். இன்னும் ஊற்றுங்கள் என்றேன். "இதுக்கு மேல ஊத்துனா சிமென்ட்டெல்லாம் ஓடிருமுங்கண்ணா" என்றார் அந்தத் தம்பி.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஓமானில் நானும் அதையேதான் நம்பினேன். அதற்குக் கொடுத்த விலை சின்னதல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. எலும்பு முறிந்தால் போடும் மாவுக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நெருக்கமாகப் பின்னிய நூல்வலைக்குள் உலர்ந்த சிமென்ட் கலவை அடைத்திருக்கும். மேலே நார் முகம், அடியில் பிவிசி படலம். விரித்து நனைத்தால் ஒரு நாளில் கல்லாகும். லண்டனில் படித்துக்கொண்டிருந்த பீட்டர் ப்ரூயின், வில்லியம் க்ராஃபோர்ட் என்ற இருவர் பேரிடர் காலக் கூடாரத்துக்காக யோசித்து, 2005 வாக்கில் 'கான்கிரீட் கேன்வாஸ்' என்ற பெயரில் நிறுவனமாகத் தொடங்கினார்கள். ஆனால் இன்று இது அதிகம் போவது வாய்க்காலுக்கும் கரைச் சரிவுக்கும்தான். 5, 8, 13 மில்லிமீட்டர் தடிமன்களில் வரும். கையுறை போடாமல் தொடுவது, பிவிசி முகத்தை மேலே வைத்து விரிப்பது மாதிரியானவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை முதல் நாளிலேயே கற்றுக்கொள்வீர்கள்.

அடிமண்ணைத் துணி மறைத்துவிடும் என்று நம்புவது

மறைக்காது. துணி ஒரு தோல், அவ்வளவுதான். அடியில் கல் துருத்திக்கொண்டிருந்தால் மேலே முண்டாகத் தெரியும். குழி இருந்தால் துணி அதன் மேல் பாலம் போல நிற்கும். இறுகின பிறகு ஒரு மாடு கால் வைத்தால் போதும், அந்த இடம் விரிசல் விட்டுவிடும். வேர், கூர்க்கல், பொலபொலவென்ற மண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தட்டி இறுக்குங்கள். விரித்த பிறகு உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே நடங்கள். பொள்ளென்று கை உள்ளே போகும் இடத்தில் துணியை மடக்கி மண் போடுங்கள். நனைக்கும் முன் இது ஐந்து நிமிட வேலை. இறுகின பிறகு நாள் முழுக்கப் போனாலும் சரியாகாது.

தண்ணீரில் கஞ்சத்தனம்

இதைத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். எத்தனை வருடம் ஆனாலும் இதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. இந்தத் தவறைச் செய்வது கற்றுக்குட்டிகள் மட்டுமல்ல. கை தேர்ந்த கொத்தனார்தான் இதை அதிகம் செய்கிறார்.

காரணம் இருக்கிறது. கான்கிரீட்டில் தண்ணீர் கூடக்கூடாது என்பது நம் ஆட்கள் தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்ற பாடம். தண்ணீர் கூடினால் பலம் குறையும். அது முழு உண்மை. சாதாரண கான்கிரீட் தோசை மாவு மாதிரி. எவ்வளவு ஊற்றினாலும் வாங்கிக்கொண்டு நீர்த்துப்போகும். மிஞ்சின தண்ணீர் பின்னால் காய்ந்து, இருந்த இடத்தில் துளையை விட்டுப்போகும். சிமென்ட் துணி அப்படியல்ல. அது ஊறப்போட்ட அரிசி. பொடியை நூல்வலை இறுக்கிப் பிடித்திருக்கிறது, உள்ளே இருக்கும் இடைவெளி ஒரு அளவுதான். குடிக்க வேண்டியதைக் குடிக்கும், மீதி வழிந்து ஓடும். தண்ணீருக்கடியில் விரித்தாலும் இறுகும். ஆக, இதில் தண்ணீர் அதிகமாகிவிடும் என்ற பயமே வேண்டாம். குறைந்துபோவது ஒன்றுதான் ஆபத்து. வேறு வேலையில் ஒருவரை நல்ல கொத்தனார் ஆக்கும் அதே எச்சரிக்கை, இந்த வேலையில் கையைக் கட்டிப்போடுகிறது.

ஓமானில் ஒரு சாலை வேலை. வாதிக்கு, அதாவது மழை பெய்தால் மட்டும் ஓடும் காட்டாற்றுப் பள்ளத்துக்கு, இறங்கும் சரிவில் 8 மில்லிமீட்டர் துணி, 250 சதுர மீட்டர், பெரிய ரோல் இரண்டு. ஜூன் மாதம். அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் 12.30 முதல் 3.30 வரை வெயிலில் வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். நாங்கள் பதினொன்றரைக்கு நனைக்கத் தொடங்கினோம். எங்களோடு இருந்த மேஸ்திரி புதுக்கோட்டைக்காரர், முப்பது வருட அனுபவம், நான் அண்ணன் என்று கூப்பிட்டவர். "தம்பி, தண்ணி கூடிப்போனா சிமென்ட்டு செத்துப்போகும். நிறுத்திக்க" என்றார். நிறுத்திக்கொண்டேன். டேங்கரில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. சட்டப்படி 12.30க்கு எல்லாரும் நிழலுக்குப் போய்விட்டோம்.

மூன்றரைக்குத் திரும்பி வந்து தட்டிப்பார்த்தால் 'டங்'கென்று கல். ரொம்பவே மகிழ்ந்தோம். இறுகினது மேல்தோல் மட்டும் என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

வேலையை ஒப்படைக்கும் முன் ஆலோசகர் தரப்பிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். சின்ன சுத்தியலால் தட்டிக்கொண்டே சரிவில் ஏறினார். கீழே கணீரென்ற சத்தம், மேலே போகப்போக மந்தம். ஓர் இடத்தில் நின்று, இங்கே வெட்டுங்கள் என்றார். ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டித் தூக்கினோம். வெட்டின ஓரத்தைப் பார்த்தேன். மேலே மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு இறுகிய ஓடு. அதற்குக் கீழே பிவிசி வரைக்கும் மூட்டையிலிருந்து கொட்டின மாதிரி உலர்ந்த பொடி. துண்டைச் சாய்த்ததும் அது பொலபொலவென்று அவர் ஷூ மேல் கொட்டியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேஸ்திரி அண்ணன் அந்தப் பொடியைக் கையில் அள்ளித் தேய்த்துப் பார்த்துவிட்டு, நெடுநேரம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

சரிவின் மேல் பாதியை முழுக்க எடுக்கச் சொன்னார்கள். இதை உடைத்து எடுக்கவும் முடியாது, நூல் பிடித்துக்கொள்ளும். டிஸ்க் கட்டரால் துண்டு துண்டாக அறுத்துக் கையால் தூக்கினோம். எட்டு நாள். புதுத் துணிக்கான பணமும் எங்கள் தலையில்தான்.

எங்கே தப்பு என்று கணக்குப் போட்டால் எல்லாம் வெட்டவெளிச்சம். துணியின் எடையில் பாதியாவது தண்ணீர் உள்ளே போக வேண்டும். 8 மில்லிமீட்டர் துணி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 12 கிலோ. அதாவது சதுர மீட்டருக்கு 6 லிட்டர், அதுவும் துணி குடித்த கணக்கு. 250 சதுர மீட்டருக்கு 1,500 லிட்டர். சரிவில் ஓடினது, வெயிலில் ஆவியானது இதில் சேராது. நாங்கள் ஊற்றியது மொத்தமே ஆயிரத்தைத் தொட்டிருக்காது. 5 மில்லிமீட்டர் துணி 7 கிலோ, அதற்கு மூன்றரை லிட்டர். 13 மில்லிமீட்டர் 19 கிலோ, அதற்கு ஒன்பதரை லிட்டர். இந்த மூன்று எண்ணையும் ஹோஸ் பிடிக்கிறவர் மனப்பாடம் செய்துகொள்ளட்டும்.

மேல் பாதி மட்டும் ஏன் கெட்டது? சரிவில் தண்ணீர் கீழே ஓடுகிறது. அடிவாரம் இரண்டு தடவை குடிக்கிறது, உச்சி பட்டினி கிடக்கிறது. நாங்களோ கீழிருந்து மேலே தெளித்துக்கொண்டு போயிருந்தோம். உச்சியில் தொடங்க வேண்டும், உச்சியில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும். அடியில் பிவிசி இருப்பதால் மண்ணின் ஈரம் உள்ளே ஏறாது. மேலிருந்து நாம் கொடுப்பதுதான் அதற்குக் கிடைக்கும் முழுத் தண்ணீர்.

எப்போது போதும்? நனைத்துச் சில நிமிடம் விட்டுக் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரலில் ஈரம் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் உள்ளே இழுத்துக்கொண்டது, இன்னும் கேட்கிறது என்று பொருள். மறுபடி ஊற்றுங்கள். கறுத்த பரப்பு திட்டுத்திட்டாக வெளுக்கத் தொடங்கினால் அங்கே முதலில் ஓடுங்கள். நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு முறையும் நனைக்க வேண்டும். நாங்கள் நிழலில் உட்கார்ந்திருந்தது சரியாக அந்த நேரத்தில்தான். வெயிலைக் குறை சொல்லிப் பயனில்லை. சாயங்காலம் தொடங்கியிருந்தால் அந்தச் சிக்கலே வந்திருக்காது. இறுகத் தாமதமாகிறது என்று தெரிந்தால் மேலே நடக்காதீர்கள், இன்னும் தாராளமாகத் தண்ணீர் விடுங்கள். முதல் நாளிலேயே கண்டுபிடித்தால் இப்படிக் கொஞ்சம் மீட்கலாம்.

இதிலேயே இன்னொரு பொறி இருக்கிறது. ஒரு துண்டின் மேல் அடுத்த துண்டு 100 மில்லிமீட்டர் ஏறி உட்கார வேண்டும் அல்லவா? அந்த இடத்தில் மேல் துண்டின் பிவிசி, கீழ்த் துண்டுக்குக் குடை பிடித்துவிடும். வெளியே எவ்வளவு ஊற்றினாலும் அந்த 100 மில்லிமீட்டர் பட்டை நனையாது. மேல் துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, கீழே இருப்பதைத் தனியாக நனைத்த பிறகுதான் அழுத்தி ஸ்க்ரூ போட வேண்டும். நன்றாக இறுகின வாய்க்காலில் இணைப்பு இணைப்பாகப் பொடி கசிவதை நான் இரண்டு இடத்தில் பார்த்துவிட்டேன்.

தண்ணீர் தாராளமாக வேண்டும் என்றதும் ஹோஸ் வாயைப் பெருவிரலால் அடைத்துப் பீய்ச்சி அடிக்காதீர்கள். அது நாரைப் பிளந்து உள்ளே இருக்கும் பொடியை அரித்து ஓடவிடும். பொள்ளாச்சித் தம்பி பயந்தது இதைப் பார்த்துத்தானோ என்னவோ. பூவாளி மாதிரி விழ வேண்டும்.

எந்த வேலையிலும் ஒரு கழிவுத் துண்டை அதே சரிவில் பக்கத்தில் போட்டு, மற்றதை நனைத்த அதே கணக்கில் நனைத்து வைப்பது இப்போது என் வழக்கம். மறுநாள் அதை அறுத்து ஓரத்தைப் பார்ப்பேன். பிவிசி வரைக்கும் ஒரே சாம்பல் நிறக் கல்லாக இருந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

மழை நனைத்துவிடும் என்று விட்டுவைப்பது

நனைக்காது. தூறல் மேல்தோலை மட்டும் இறுக்கிவிட்டுப் போய்விடும்.

ஓரத்தை மண் மேல் அப்படியே விடுவது

வாய்க்காலுக்குள் தண்ணீர் ஓடுவதை எல்லாரும் நினைக்கிறார்கள். கரைக்குப் பின்னாலிருந்து வரும் மழைத்தண்ணீரை நினைப்பதில்லை. துணியின் ஓரம் தரைமட்டத்தில் முடிந்தால் அந்தத் தண்ணீர் ஓரத்துக்கு அடியில் புகுந்து மண்ணைக் கரைத்துக்கொண்டே இறங்கும். வெளியே பார்க்க எல்லாம் நன்றாக இருக்கும், ஒரு பருவமழை முடிந்ததும் துணிக்கு அடியில் முழங்கை நுழையும். இரு கரையிலும் அரை அடி ஆழத்துக்குச் சால் எடுத்து, ஓரத்தை அதற்குள் இறக்கி, முளை அடித்து, மண்ணைப் போட்டு மூடுங்கள். தண்ணீர் நுழையும் தலைமாட்டிலும் கடைசியிலும் குறுக்காக அதே சால் வேண்டும். தலைமாட்டை விட்டுவிட்டு இரு பக்கமும் மட்டும் புதைப்பவர்கள்தான் அதிகம். முதல் வெள்ளம் புகுவது அந்தத் தலைமாட்டில்தான்.

இணைப்பின் திசை

ஓடு வேய்வது போல. மேட்டுப் பக்கத்துத் துண்டு மேலே, பள்ளத்துப் பக்கத்துத் துண்டு கீழே.

துணியைத் தரைக்கணக்கில் வாங்குவது

8 மில்லிமீட்டர் ரோல் 1.1 மீட்டர் அகலம். மேலே ஏறும் 100 மில்லிமீட்டரைக் கழித்தால் ஒரு துண்டு மூடுவது ஒரே ஒரு மீட்டர். துணியைக் குறுக்காகப் போட்டால் 60 மீட்டர் வாய்க்காலுக்கு 60 துண்டு. துண்டின் நீளத்தில் இரண்டு கரைச் சாலுக்குள் இறங்குவதையும் கூட்டிக்கொள்ளுங்கள். வெட்டும்போது ஓரத்திலிருந்து பொடி உதிரும், அதற்கு 15 முதல் 20 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள்.

உறையைப் பிரித்து வைப்பது

அன்றைக்கு விரிக்கும் அளவுக்கு மட்டும் பிரியுங்கள். மார்கழிப் பனி ஒரு ரோலையே சுருட்டினபடி கல்லாக்கிவிடும்.

பெரிய ரோலைக் கயிறு கட்டித் தூக்குவது

ஒன்றரை டன். நடுவில் இரும்புக் குழாய் கோத்து, தூக்குச் சட்டத்தில் மட்டும்.

கூரை போடலாமா என்று கேட்பது

வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். மாட்டுக்கொட்டகை மேல் விரித்துத் தண்ணீர் ஊற்றினால் தளம் ஆகிவிடாதா என்று. ஆகாது. இதில் கம்பி இல்லை, தாங்கும் வேலைக்கு இது செய்யப்படவில்லை. முதலில் சொன்ன பேரிடர் காலக் கூடாரங்கள் எப்படி நிற்கின்றன என்றால், உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையைக் காற்றடித்து வளைவாக உப்ப வைத்து, அதன் மேல் துணியை நனைத்து இறுக விடுகிறார்கள். வளைவில் பாரம் அழுத்தமாகவே கீழே இறங்குவதால் மெல்லிய ஓடும் தாங்குகிறது. தட்டையாக இரண்டு சுவருக்கு நடுவில் போட்டால் அடிப்பக்கம் இழுபட்டுப் பிளந்துவிடும். அடியில் மாடு நிற்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். கொட்டகைக்கு ஓடோ ஷீட்டோ போடுங்கள். துணி மிச்சம் இருந்தால் கோமியம் ஓடும் வாய்க்காலுக்கு விரியுங்கள், நன்றாக இருக்கும்.