டிஎன்எஸ் கேஷ்: பழைய சர்வரே திறந்துகொண்டிருந்தால் எங்கே பார்ப்பது?

எம்.சி. ரோட்டில் ஒரு புடவைக் கடை. வெப்சைட்டை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றியாச்சு. போனில் புதுப் பக்கம் வருகிறது. தண்டையார்பேட்டையில் ஓனர் வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் ஆடித் தள்ளுபடி பேனர் அசையாமல் நிற்கிறது. பெரும்பாலும் டிஎன்எஸ் கேஷ்தான்: டொமைன் பெயருக்கு உரிய ஐபி (சர்வரின் எண் முகவரி) எது என்று டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டு வாங்கிய பதிலைக் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் சேமித்து வைத்திருக்கும்.

எவ்வளவு நேரம் நிற்கும்? டொமைன்காரர் டிஎன்எஸ் ரெக்கார்டில் (பெயருக்கு எந்த ஐபி என்ற பதிவு) போட்டிருக்கும் டிடிஎல்தான் கணக்கு, அதாவது பதிலை எத்தனை வினாடி வைத்துக்கொள்ளலாம் என்ற எண். 300 என்றால் 5 நிமிடம், 3600 என்றால் 1 மணி, 86400 என்றால் முழுசாக ஒரு நாள். டிடிஎல் அதைவிடப் பெரிதாக இருந்தாலும் விண்டோஸ் வழக்கமாக ஒரு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளாது.

1. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் /டிஸ்ப்ளேடிஎன்எஸ் (கட்டளைகள் எல்லாமே ஆங்கில எழுத்தில்). உங்கள் டொமைனுக்குக் கீழே 'டைம் டு லிவ்' எண்ணைப் பாருங்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி அடித்தால் 60 குறைந்திருக்கும். எடுத்த எடுப்பிலேயே 3600க்குப் பதில் 1740 தெரிகிறதா? ரௌட்டரோ நெட் கம்பெனி சர்வரோ பாதி நேரத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தைக் கொடுத்திருக்கிறது. ஆகவே ரௌட்டருக்கு ஒரு மணி, கம்ப்யூட்டருக்கு ஒரு மணி என்று கூட்டாதீர்கள்.

2. கேஷைக் காலி செய்ய ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ். லினக்ஸில் சிஸ்டம்டி-ரிசால்வ்ட் (டிஎன்எஸ் கேஷை வைத்திருக்கும் சேவை) ஓடினால் ரிசால்வ்சிடிஎல் ஃப்ளஷ்-கேஷஸ்.

3. இப்போது சோதனை. எல்லோரும் வழுக்கி விழும் இடம் இது. என்எஸ்லுக்கப் கட்டளை புது ஐபியைக் காட்டும், ப்ரௌசரில் பழைய பக்கமே வரும். காரணம், என்எஸ்லுக்கப் கம்ப்யூட்டரின் கேஷைத் தொடுவதே இல்லை. நேராக டிஎன்எஸ் சர்வரைக் கேட்கிறது. பிங் கட்டளை கேஷ் வழியாகப் போகும், அதனால் பிங் காட்டும் ஐபியைத்தான் நம்ப வேண்டும். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, முதல் வரியில் ஐபி தெரிந்தால் போதும். பிங் பழசு, என்எஸ்லுக்கப் புதுசு என்றால் கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில். இரண்டுமே பழசு என்றால் ரௌட்டரிலோ அதற்கு மேலேயோ.

4. பிங் புதுசு, பக்கம் மட்டும் பழசா? க்ரோமுக்குத் தனி கேஷ் உண்டு. க்ரோம்://நெட்-இன்டர்னல்ஸ்/#டிஎன்எஸ் போய் 'க்ளியர் ஹோஸ்ட் கேஷ்' அழுத்துங்கள். அதே பக்கத்தின் 'சாக்கெட்ஸ்' பிரிவில் 'ஃப்ளஷ் சாக்கெட் பூல்ஸ்' அழுத்தாவிட்டால், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு பழைய சர்வரையே பிடித்துக்கொண்டிருக்கலாம். பிறகு கன்ட்ரோல்+எஃப்5.

5. கோளாறு ரௌட்டரில் என்றால் அணைத்துப் போட்டுவிட்டு மறுபடி ஃப்ளஷ். அதற்கும் மசியாவிட்டால் நெட் கம்பெனி சர்வரின் கேஷ். அதை நாம் காலி செய்ய முடியாது. டிஎன்எஸ்ஸை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்ற பொது டிஎன்எஸ் சர்வருக்கு மாற்றிப் பார்க்கலாம். 'கேஷ் க்ளீனர்' என்று விற்கும் சாப்ட்வேர் எதுவும் வேண்டாம், இரண்டாவது படியைத்தான் அதுவும் செய்யும்.

சர்வர் மாற்றப் போகிறவர்களுக்கு: மாற்றுவதற்குக் குறைந்தது பழைய டிடிஎல் அளவு நேரம் முன்பே அதை 300 ஆக்குங்கள். மாற்றிய பிறகு குறைத்தால், 86400 என்று வாங்கி வைத்தவர்களிடம் அது செல்லாது.

பின்சேர்க்கை: புது சப்டொமைனுக்கு ரெக்கார்டு போடும் முன்பே ப்ரௌசரில் அடித்துப் பார்க்காதீர்கள். 'அப்படி ஒன்றும் இல்லை' என்ற பதிலும் கேஷ் ஆகும். அது எவ்வளவு நேரம் நிற்கும் என்பதற்கு எஸ்ஓஏ ரெக்கார்டின் (டொமைனின் அடிப்படை விவரங்கள் உள்ள பதிவு) கடைசி எண்ணைப் பாருங்கள்.

இன்னொன்று, ஃப்ளஷ் செய்த மறுநொடியே டிஸ்ப்ளேடிஎன்எஸ் பட்டியலில் பழைய ஐபி எட்டிப் பார்த்தால், ஹோஸ்ட்ஸ் ஃபைலை (பெயருக்கு ஐபியைக் கையால் எழுதி வைக்கும் கம்ப்யூட்டர் ஃபைல்) திறங்கள். யாரோ சோதனைக்குப் போட்ட வரி அங்கே கிடக்கலாம். அதற்குக் காலாவதியே கிடையாது.