பரணில் கிடைத்த பழைய நூலின் வயதை அறிவது எப்படி?

வேலூர்ப் பக்கம் பரணிலிருந்து இறங்கும் பழைய புத்தகங்களில் ‘பார்த்திப வருஷம்’ என்று மட்டும் போட்டிருந்தால், அது 1825-26, 1885-86, 1945-46 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். அறுபதாண்டுச் சுழற்சி செய்யும் வேலை இது.

முதலில் முகப்புத் தாளில் ஊர்ப்பெயரைப் பாருங்கள். ‘வட ஆற்காடு ஜில்லா, சித்தூர்’ என்றிருந்தால் 1911க்கு முந்தையது. அந்த ஆண்டில்தான் சித்தூர் தனி மாவட்டமானது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை, எகர ஏகாரக் கொம்பு ஒன்றுபோலவே இருக்கிறது என்றால் இன்னும் பழையதாக இருக்க வாய்ப்புண்டு. அணா விலை 1957 வரை வழக்கில் இருந்ததால் அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. முகவுரையின் தேதியை நம்பவே வேண்டாம்; மறுபதிப்பில் அது அப்படியே வரும்.

தாள் பழுப்பேறி நொறுங்கினால் பெரும்பாலும் மரக்கூழ்க் காகிதம். துணிக்கூழ்த் தாள் அதைவிட முந்தையதானாலும் வளைந்து கொடுக்கும். மூலையை மடித்துச் சோதிக்காதீர்கள், ஒடிந்துவிடும்.

கிழிசலுக்கு செலோடேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் பசை ஊறி எழுத்தின்மேல் மஞ்சள் கறை படியும். மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையுமே சரி. தோல் அட்டை செந்தூளாக உதிர்ந்தால் எண்ணெய் தடவாமல், அமிலமற்ற தாளில் சுற்றி வையுங்கள்.